எனக்குப் பதிலாக ஓடியவள்

மெர்சிங்
7 ஜூன் 2024

அன்புத் தோழி சந்திராவுக்கு,

நாச்சி எழுதுகிறேன். லாபிஸ் பெரிய தெருவில் துணிக்கடை வைத்திருந்த தேனப்பன் மகள் நாச்சியம்மை. இருபத்தேழு வருடம் கழித்து எழுதுகிறவளை "எந்த நாச்சி?" என்று நீ கேட்டால் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் சிகாமட்டில் ஒரு கல்யாணத்தில் நம் வகுப்பு ரூபேந்திரனைப் பார்த்தேன். தலை முழுக்க வழுக்கை, ஆனால் அதே வாய். நீ தெப்ராவில் இருக்கிறாய், தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறாய் என்று சொல்லி, முகவரியும் போன் நம்பரும் கொடுத்தான். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படித்துவிட்டாயா என்று நீலக் குறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம்.

எனக்கு இங்கே இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை. பத்தொன்பது வருடமாகிறது. கணவர் தியாகராஜனுக்கு வங்கியில் வேலை. மீன் மலிவு, மழை அதிகம், வேறு குறையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் நான்காம் படிவத்துப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர்களின் உண்மைக் கதைகளை வைத்துப் பாடம் நடத்துகிறேன். பலகையில் மூன்று கேள்விகள் எப்போதும் இருக்கும். இவர் எந்த இனத்தில் பிறந்தார்? எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தார்? யார் இவருக்கு வழிவிட்டார்கள், யார் மறித்தார்கள்? வெளிநாட்டுக் கதைகள் நாலைந்து படித்தோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மீன்பிடிப்பவர் மகள் நூருல் மட்டும் கையைத் தூக்கி, "நம்ம ஜொகூர்ல இப்படி யாருமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் உன் கதையை எழுதினேன், சந்திரா. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், கிழிந்த காலணியோடு மாவட்டத்தில் இருநூறு மீட்டரில் முதலாவதாக வந்தவள், இந்தியப் பெண் என்பதால் மாநிலப் போட்டிப் பட்டியலில் விளையாட்டு ஆசிரியரால் பெயர் சேர்க்கப்படாமல் விடப்பட்டவள். வாசித்து முடித்ததும் ஷர்மினி என்ற பெண் அழுதேவிட்டாள்.

பள்ளியில் இதைச் சிறு புத்தகமாக அச்சிடுகிறார்கள். உன் சம்மதம் வேண்டும். நான்கு பக்கமும் இணைத்திருக்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாமென்று தமிழிலும் எழுதிவிட்டேன்.

அம்மா கருப்பாயி நலமா? என் வணக்கத்தைச் சொல்.

மறக்காத
நாச்சி


தெப்ராவ்
16 ஜூன் 2024

என் அருமை டீச்சரம்மாவுக்கு,

அடியே நாச்சி! உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் வரிசையில் நின்று தேசிய கீதம் பாடுகிற மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன், சோறு ஆறிவிட்டது.

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், நீ வரவில்லை. அம்மா 2011-இல் போய்விட்டாள். லாபிஸில் உங்கள் கடைக்கு ஆள் விட்டுச் சொன்னேன். உங்கள் அப்பா வந்து மாலை போட்டார். நீ வரவில்லை. இப்போது வணக்கம் சொல்லச் சொல்கிறாய். யாரிடம் போய்ச் சொல்வேன்?

சரி, அது போகட்டும். தமிழில் மொழிபெயர்த்து அனுப்பியதற்கு நன்றி. எனக்கும் இங்கிலீஷ் வரும்டி. நாற்பது பெண்களை அந்த பாஷையிலும் மலாயிலும் மேய்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உன் நான்கு பக்கத்தில் தப்பு நிறைய. என் காலணி கிழியவில்லை. நான் காலணியே போடவில்லை, போட்டால் கால் கனத்தது. அம்மாவை "பாவப்பட்ட, எழுத்தறியாத கூலி" என்று எழுதியிருக்கிறாய். எழுத்து தெரியாதுதான். நானூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து என் ஓட்டத்தைப் பார்க்கத் திடலில் நிற்பாள், அவள் எங்கே பாவம்? இன்னொன்று. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் மைலோ, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். அதை ஏன் எழுதவில்லை? நாம் இரண்டு பேரும் ஒரே இனம்தானே? கோபத்தில் கேட்கவில்லை. பாடம் நடத்துகிறாயே என்று கேட்கிறேன்.

ஆனால் விளையாட்டு ஆசிரியர் லிம் சாரைப் பற்றி எழுதியது சரி. மூன்று வருடம் முன்பு சிகாமட் சந்தையில் அவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கிட்டே வந்து, "சந்திரா, அன்னிக்கு ஏன் நீ வரல?" என்று கேட்டார். எப்படி இருந்திருக்கும் எனக்கு! பட்டியலில் பெயரை விட்டுவிட்டு, வரவில்லையா என்று கேட்கிற ஆள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவர் கையில் கீரைக்கட்டோடு அங்கேயே நின்றார்.

எனக்குப் பதிலாக யாரை அனுப்பினார்கள் என்று நீ எழுதவில்லையே. எனக்கும் தெரியாது. பட்டியல் ஒட்டிய வாரமே பள்ளிக்கூடம் வேண்டாமென்று சித்தியோடு ஜொகூர் பாருவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேனே.

இப்போது எனக்கு ஒரு இடைஞ்சல். என் மகள் தேன்மொழியும் நான்காம் படிவம்தான். தடை தாண்டி ஓடுகிறாள். மாநிலப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெற்றோர் சம்மதத் தாள் குளிர்பெட்டியில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. ஜூலை 14-க்குள் கொடுக்க வேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. அவள் அப்பா அர்ச்சுனன், "போடேன், என்ன கெட்டுப் போச்சு?" என்கிறார். ஆசையைக் கிளப்பிவிட்டுக் கடைசியில் பெயரை விடுவார்கள், நான் பட்டது போதும் என்று சொல்லிவிட்டேன். உன் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

சம்மதம் கேட்டாயே, போட்டுக்கொள். காலணியை மட்டும் எடுத்துவிடு.

உன்
சந்திரா


மெர்சிங்
21 ஜூன் 2024

அன்புள்ள சந்திரா,

அம்மா மறைந்த செய்தி அப்போதே எனக்குத் தெரியும். அப்பா சொன்னார், ஆனாலும் தெரியாதவள் போல நலமா என்று கேட்டுவிட்டேன். வரவில்லை. அதற்கு என்ன சொன்னாலும் சமாதானம் ஆகாது, மன்னித்துவிடு. மைலோ கப்பையும் மறக்கவில்லை. அது எங்கள் வீட்டு வழக்கம், அன்றே எனக்குக் கூசியது. வாய் திறந்ததில்லை.

காலணியை எடுத்துவிட்டேன். "பாவப்பட்ட" என்பதையும் அடித்துவிட்டேன்.

தேன்மொழி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேள். கையெழுத்துப் போட்டுவிடு. காலம் மாறிவிட்டது. இப்போது எல்லாம் நேரத்தைப் பதிந்து, எண்ணைப் பார்த்து எடுக்கிறார்கள். என் பள்ளியிலேயே போன வருடம் இரண்டு இந்தியப் பிள்ளைகள் போனார்கள். என் கட்டுரையை அவளிடம் கொடுத்திருக்க வேண்டாம். அது வகுப்பறைக்கு எழுதியது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை நிறுத்துவதற்கு எழுதியதல்ல.

14-ஆம் தேதிக்குள் போட்டுவிடு, சந்திரா. வேறெதுவும் கேட்காதே.

அன்புடன்
நாச்சி


தெப்ராவ்
30 ஜூன் 2024

நாச்சிக்கு,

வேறெதுவும் கேட்காதே என்றால் கேட்கத்தான் தோன்றும்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறாய், எனக்கு வேறொன்று சொல்கிறாய். உன் கட்டுரை உண்மையா, பொய்யா? உண்மை என்றால் என் மகளை எதற்குத் தள்ளிவிடச் சொல்கிறாய்?

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, எனக்குப் பதிலாக ஓடியது யார் என்ற ஒன்றுக்கு மட்டும் இல்லை. ரூபேந்திரனுக்குப் போன் போட்டேன். "அலமாக், உனக்குத் தெரியாதா? நம்ம நாச்சிதான் ஓடுனா. அவுங்க அப்பா ஓடுறதுக்குப் புது ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் குடுத்தாரு, கடை முழுக்க காட்டிக்கிட்டு இருந்தாரு லா" என்றான்.

நீயும் இந்தியப் பெண்தானேடி. இந்தியர் என்று என்னை விட்டவர்கள் உன்னை எப்படி எடுத்தார்கள்?

பட்டியல் ஒட்டிய அன்று லாபிஸ் ரயில் நிலையத்தில் நீதான் என்னிடம் சொன்னாய். "லிஸ்ட்ல ஒன்னோட பேரு இல்ல சந்திரா. நம்மள எங்க எடுப்பானுங்க" என்று. நம்மள என்று சொன்னாய். நான் போய்ப் பட்டியலைப் பார்க்கவில்லை. நீ சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை இருபத்தேழு வருடம் என் வீட்டில் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் பாகுபாடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேலை இடத்தில் தினம் பார்க்கிறேன். ஆனால் எனக்கு நடந்தது அதுதானா? அது எனக்குத் தெரிய வேண்டும். தாள் இன்னும் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. 14-ஆம் தேதி வரை பார்ப்பேன்.

சந்திரா


மெர்சிங்
5 ஜூலை 2024

சந்திரா,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

உன் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். லிம் சார் இல்லை.

அப்போது நான் வகுப்புத் தலைவி. போட்டிக்குப் போகிறவர்களின் சம்மதத் தாளைச் சேர்த்து ஆசிரியர் அறையில் கொடுப்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை காலை நீ உன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாய். அம்மா எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் மை வாங்கிக் கைநாட்டு வைத்திருந்தார்கள். நீல மை. ரேகை பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்திருந்தது. தாளில் ரப்பர் பால் வாடை. "அம்மா ரெண்டு தடவ கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வச்சாங்க" என்று சிரித்தாய். உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு முந்தின வருடம் இன்னொரு தோட்டத்துப் பையனின் தாள் கைநாட்டோடு போனபோது அலுவலகத்தில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்களுக்கெல்லாம் விரல்தான் பேனாவா?" என்று கேட்டாள். என் அப்பா மூன்று மொழியில் கையெழுத்துப் போடுவார் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

அன்று மற்ற வகுப்புத் தலைவிகள் ஆசிரியர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் கையில் இருந்த தாளில் எல்லாம் சுத்தமான கையெழுத்து. என்னால் அம்மாவின் தாளை மேலே வைக்க முடியவில்லை. வரலாற்றுப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். புதுத் தாள் ஒன்று வாங்கி நானே பேனாவால் "கருப்பாயி" என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது அது உனக்குச் செய்கிற உதவி என்றுகூட நம்பினேன். எங்களை எல்லாரும் கேவலமாக நினைப்பார்கள் என்று பயந்தேன். எங்களை என்று எழுதுகிறேன், பார். என்னை என்றுதான் எழுத வேண்டும்.

புதுத் தாள் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை லிம் சார் வகுப்புக்கே வந்தார். நீ அன்று திடலில் இருந்தாய். "சந்திரமதி போராங் எங்க?" என்று உன் சம்மதத் தாளைக் கேட்டார். நான் மலாயில், "அவங்க அம்மா அனுப்ப மாட்டாங்களாம், சார்" என்று சொன்னேன். அவர், "ஐயோ, பாவம்" என்றார். வீட்டுக்கு வந்து பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கோபப்படுவார்கள் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். அவர் உன் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரை எழுதினார். அடுத்த பெயர் என்னுடையது என்று வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரியாது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும், சந்திரா.

அதனால்தான் அவர் சந்தையில் உன்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை.

நான் எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தேன். மாநில அளவில் கலந்துகொண்ட சான்றிதழ் கிடைத்தது. ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது விளையாட்டுக்கான புறப்பாட மதிப்பெண்ணில் அது சேர்ந்தது. நான் கல்லூரியில் இருந்தபோது நீ தொழிற்சாலை அச்சிலிருந்து கையுறை உருவிக்கொண்டிருந்தாய். பலகையில் எழுதிப்போடுகிறேனே, யார் வழிவிட்டார்கள், யார் மறித்தார்கள் என்று. பதிலைப் பையில் வைத்துக்கொண்டே பிள்ளைகளிடம் கேள்வி கேட்டிருக்கிறேன்.

ரயில் நிலையத்தில் உன் முகத்தைப் பார்த்து உண்மை வரவில்லை. "நம்மள எங்க எடுப்பானுங்க" என்பதுதான் எளிதாக வந்தது, ஏனென்றால் அது பல இடங்களில் நடக்கிற விஷயம். நடக்கிற அநியாயத்துக்குள் என் அநியாயத்தை ஒளித்து வைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. உன் கல்யாணத்துக்கும் அம்மா காரியத்துக்கும் ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் வகுப்பில் நூருல் மறுபடி கையைத் தூக்கினாள். உண்மைக் கதை என்றால் யார் சொன்னார்கள் என்று கீழே எழுத வேண்டும் என்பது நான் அவர்களுக்குப் போட்ட சட்டம். "டீச்சர், ஆசிரியர் அப்படி நினைச்சாருன்னு உங்களுக்கு யார் சொன்னது? பதிலுக்கு ஓடுனது யாரு, மலாய்க்காரப் பொண்ணா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. தன் இனத்தாள் ஒருத்தி உன் இடத்தை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து அந்தப் பிள்ளை வெட்கப்பட்டாள். நான், "ஞாபகமில்லை" என்றேன். பதினாறு வயதுப் பெண் நான் செய்ததற்காகத் தலை குனிந்து உட்கார்ந்தாள், நான் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். சந்திரா, அன்றிலிருந்து என்னால் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ள முடியவில்லை.

தாள் என்னிடம் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. வீடு மாறும்போதெல்லாம் அந்த வரலாற்றுப் புத்தகமும் கூடவே வந்தது. அம்மா எனக்கும் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தனுப்புவார்கள், ஞாபகமிருக்கிறதா? அவர்கள் கைநாட்டு வைத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். மை மங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. தேன்மொழியை மட்டும் அனுப்பிவிடு. அவளைத் தடுப்பது லிம் சார் இல்லை, இந்த நாடும் இல்லை. இந்த முறையும் நான்தான்.

நாச்சியம்மை


தெப்ராவ்
15 ஜூலை 2024

ஆசிரியை நாச்சியம்மை அவர்களுக்கு,

கடிதமும் தாளும் கிடைத்தன.

லிம் சாரின் நம்பரை ரூபேந்திரனிடம் வாங்கினேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். அவர் மகள் போனை அவர் காதில் வைத்தாள். "சார், நான் வர மாட்டேன்னு சொல்லல. எங்கம்மாவும் சொல்லல" என்று கத்தினேன். தொழிற்சாலை வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு, "ஓ, சந்திரா! நீ ரொம்ப வேகமா ஓடுவ லா" என்றார். சந்தையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவே இல்லை. நான் மட்டும்தான் சுமந்திருக்கிறேன்.

தேன்மொழியிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீ ஏம்மா லிஸ்ட்ட போயிப் பாக்கல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை. எனக்கும் வெட்கம் இருக்கிறது.

கட்டுரையைப் புத்தகத்தில் போடலாம். என் பெயர் இருக்கட்டும், உங்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த நூருல் பிள்ளைக்கு வகுப்பில் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அவள் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். கோபம் அடங்கினால் நான் எழுதுவேன். அடங்குமா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுதான் உண்டு, அதுவும் கல்யாணக் கும்பலில் பாதி முகம். அவள் விரல் பட்ட பொருள் எதுவும் என்னிடம் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. அதற்கு மட்டும் நன்றி.

நேற்றுக் காலை தேன்மொழியின் தாளில் கையெழுத்துப் போட்டேன். அரை நாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், பயிற்சி ஆசிரியை வரும்வரை காத்திருந்து, அவர் கையில் கொடுத்தேன். யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை.

கருப்பாயி மகள்
சந்திரமதி